கால் எட்டினால் போதுமா?

சக்குபள்ளத்தில் சைக்கிளைப் பார்ப்பது அபூர்வம். குமுளியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குள் போகும் அந்தச் சாலையில் ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் பிரேக் போதாது. காலையில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு வரும் ஜீப்புகள்தான் இங்கே எல்லாமும். அப்படி ஒரு ஜீப்பின் கூரையில் போன மாதம் ஒரு சைக்கிள் வந்து இறங்கியது. தமிழ்நாடு அரசு ப்ளஸ் ஒன் மாணவிகளுக்குத் தரும் லேடீஸ் சைக்கிள். அக்கா கம்பத்தில் படிப்பை முடித்துவிட்டாள். இனி அது லயத்தில் இருக்கும் தம்பிக்கு.

டீக்கடை முன்னால் அவன் அதை ஓட்டிப் பார்த்ததைக் கவனித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் ஹேண்டில்பாரை இடித்துவிடும்போல் மேலே வந்தது. கொஞ்ச தூரத்திலேயே இறங்கித் தள்ளினான். "அக்கா வண்டிங்க, ஒரே இழுவை. அதுக்கும் இதை ஓட்டி ஓட்டியே மூட்டு வலி" என்றான்.

வண்டியில் இழுவை ஒன்றுமில்லை. சீட் அதன் அடிமட்டத்தில் இருந்தது. ஜீப் டிரைவரிடம் ஸ்பேனர் வாங்கி சீட் நட்டைத் தளர்த்தப் போனால் துருவேறி அசைய மறுத்தது. கையளிக்கப்பட்ட நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை என்று தெரிந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் தட்டி, நான்கு விரற்கடை உயர்த்தினோம். வெளியே வந்த கம்பி மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது.

சீட் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்வது, "ஹேண்டிலுக்குச் சமமாக". கடைக்காரர்களும் மட்டக்கோல் பிடித்தாற்போல் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நேரடியாக ஒரு கணக்கு கிடையாது. சீட்டின் உயரத்தைத் தீர்மானிப்பது கால். அது முடிந்த பிறகுதான் முதுகையும் கையையும் பார்த்து ஹேண்டில். வரிசையை மாற்றினால் இரண்டும் கெட்டுப்போகும்.

கால் கணக்கு எளிது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் மடியாமல் கால் நேராக நீண்டால் சரியான உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்போம் அல்லவா, அப்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும். அந்த லேசான மடிப்புதான் வேண்டியது. அடிக்கட்டை எடுத்து அளப்பவர்களுக்கும் ஒரு சூத்திரம் உண்டு. 1967ல் இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது: காலின் உட்புற நீளத்தில் 109 சதவீதம், கீழ்ப் பெடலிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை. கால் 70 சென்டிமீட்டர் என்றால் சுமார் 76. குதிகால் வழியும் கிட்டத்தட்ட இதே இடத்துக்குத்தான் கொண்டுவிடும். உயர்த்தும்போது ஒரு எச்சரிக்கை: கம்பி இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருக்கட்டும்.

ஹேண்டில் அவரவர் தேவை. பந்தய வீரர்கள் காற்றைக் கிழிக்க சீட்டைவிடத் தாழ்வாக வைத்துக் குனிகிறார்கள். பள்ளிக்கும் கடைக்கும் போகிறவர்களுக்கு சீட்டுக்குச் சமமாகவோ சற்று மேலேயோ இருப்பது முதுகுக்கு நல்லது. கம்பி பிரேக் வைத்த பழைய மாடல் என்றால் ஹேண்டிலை ஏற்றும் முன் பிரேக் கம்பியின் நட்டைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் கட்டை ரிம்மைக் கவ்விக்கொள்ளும்.

இவ்வளவு எளிய விஷயம் ஏன் நடப்பதில்லை? பயம்தான் காரணம். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சரியான உயரத்தில் விரல் நுனிதான் எட்டும். கற்றுக்கொள்ளும் முதல் இரண்டு வாரங்களுக்குத் தாழ்வான சீட் நியாயம். பிறகு ஏற்ற வேண்டும். நாம் ஏற்றுவதில்லை, விழுந்துவிடுவாள் என்று பெண் பிள்ளைகளுக்கு நிச்சயமாக ஏற்றுவதில்லை. பத்து மிதியில் போகிற தூரத்துக்கு அவள் காலைப் பாதி மடக்கியே மிதிக்கிறாள். தாழ்ந்த சீட் முழங்காலின் முன்பக்கத்தை வருத்தும் என்பது சைக்கிள் மெக்கானிக்குகளும் மருத்துவர்களும் ஒத்துப்போகும் விஷயம். வீட்டில் அதற்குத் தைலம் தடவுகிறார்கள்.

சைக்கிளின் சரித்திரத்தில் இது விநோதம். முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்த பழைய வண்டிகளை வாங்கும்போது காலை அளந்துதான் சக்கரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். 1885ல் ஸ்டார்லியின் 'ரோவர்' வந்து, செயின் போட்டு, இரு சக்கரங்களையும் ஏறத்தாழ சமமாக்கியது. ஒரே வண்டி பலருக்கும் பொருந்தும் காலம் அதிலிருந்து வந்தது. பொருந்தச் செய்வது ஏறி இறங்கும் அந்த சீட் கம்பி.

தமிழ்நாட்டில் 2001-02ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06ல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மற்ற ப்ளஸ் ஒன் மாணவர்களுக்கும் விரிந்தது. இதில் குறை சொல்ல நான் தயாரில்லை. 2006ல் பீகார் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணமாகக் கொடுத்தது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் கணிசமாக அதிகரித்ததை முரளிதரனும் பிரகாஷும் 2017ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பணமாகத் தந்தால் கடையில் ஏறி உட்கார்ந்து பார்த்து வாங்கலாம். வண்டியாகத் தந்தால் எல்லோருக்கும் ஒரே அளவுதான் வரும். அப்படியானால் விழா மேடையில் அமைச்சர் கைகுலுக்கிய பிறகு, பள்ளி வாசலில் ஒரு மெக்கானிக்கை ஸ்பேனருடன் ஒரு நாள் உட்கார வைத்தால் என்ன? செலவு, விழாவுக்குக் கட்டும் பந்தலைவிடக் குறைவாக இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். குழந்தையை உட்கார வைக்க முன்பார் வசதி என்று சிலர் அதையே விரும்பியதாகவும் சாய்நாத் எழுதியிருக்கிறார். உயரத்துக்கு அவர்கள் பயப்படவில்லை.

சக்குபள்ளத்துப் பையன் உயர்த்திய சீட்டில் ஏறியதும் ஹேண்டிலும் சீட்டும் தற்செயலாக ஒரே மட்டத்தில் நின்றன. முன்பு தள்ளிய மேட்டை உட்கார்ந்தபடியே கடந்தான். அடுத்த வளைவில் மேடு அவனை ஜெயித்தது. திரும்பி வந்து டீக்கடை அருகே வேகம் குறைத்தவன், இறங்காமல் என்னையே சுற்றிச் சுற்றி வந்தான். "இறங்கறது எப்படிங்க, கால் எட்டலையே" என்று கத்தினான். ஒரு பெடலில் நின்று, சீட்டிலிருந்து முன்னால் நழுவி இறங்குவதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஜீப் போய்விட்டது, ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்க அடுத்த நாள் காலை வரை காத்திருந்தேன்.