சுவரில் தொங்கும் சான்றிதழ்

ஒரே செய்தியைப் பெயர்களை மட்டும் மாற்றிப் பலமுறை எழுதியவன் நான். தாங்கியைச் சுத்தம் செய்ய ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார். தூக்கிவிட இன்னொருவர் இறங்குகிறார், அவரும் விழுகிறார். 2018 ஏப்ரலில் ஹொரணையில் இறப்பர் தொழிற்சாலையொன்றின் அமோனியாத் தாங்கி ஐவரைப் பலிகொண்டது. காப்பாற்றச் சென்றோரும் மாண்டோருள் அடங்குவர்.

இதை விதி என்போர் உளர். விதியல்ல, பயிற்சியின்மை. மூடிய இடங்களில் இறப்போரில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் மீட்கச் சென்றவர்களே என்று அமெரிக்காவின் தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் 1986இலேயே எச்சரித்தது. இறங்குமுன் காற்றைச் சோதித்தல், வாயிலில் ஒருவரைக் காவல் நிறுத்தல், உள்ளே இறங்காமல் கயிற்றால் இழுத்து மீட்டல் ஆகியன புதிய பாடங்களல்ல.

பாதுகாப்பு உத்தியோகத்தர் இவற்றைப் படித்தவர்தானே என்பீர்கள். படித்தார், எப்போது? ஒரு கற்கைநெறி, ஒரு சான்றிதழ், அதன்பின் ஓய்வுபெறும்வரை அதே அறிவு. இடையிடையே செயலமர்வு: உரை, தேநீர், குழுப்படம். வாயு அளக்கும் கருவியைக் கையில் எடுத்துப் பழகியோர் எத்தனை பேர்?

இலங்கையில் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942இல் வந்தது. தொழிற்பாதுகாப்புக்கெனத் தேசிய நிறுவகம் அமைக்கும் சட்டம் 2009இல் நிறைவேறியது. சட்டங்கள் தாங்கிக்குள் இறங்குவதில்லை, மனிதர்களே இறங்குகிறார்கள்.

நான் கேட்பது ஒன்றே. சான்றிதழுக்குக் காலவரையறை வேண்டும். புதுப்பிக்க வருபவர் தாங்கியின் வாயிலில் நின்று மீட்பை நடத்திக் காட்டவேண்டும். செலவாகும் என்று முதலாளிமார் முறையிடுவர். ஐந்து சவப்பெட்டிகளின் விலையை அவர்கள் கணக்கிட்டதுண்டா?