மாரடைப்பு தேர்வுக்கு மட்டும் உரிய பாடமா?



நம் தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் பலர் இன்று மருத்துவம், தாதிமை, மருந்தியல் எனச் சுகாதாரத் துறைப் படிப்புகளில் சேர்ந்து பயில்கின்றனர். பேராக் மாநிலத்தவர் அதற்காக நெடுந்தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. ஈப்போவிலேயே அரச பேராக் மருத்துவக் கல்லூரியும் குவெஸ்ட் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. விடுமுறையில் பழைய ஆசிரியரைக் காண வரும் மாணவர்களிடம், “எந்தப் பாடம் கடினம்?” என்று கேட்பேன். நோயியல் என்பார்கள், அதிலும் இதய நோய்ப் பகுதி என்பார்கள்.

ஏன் கடினம்? அவர்கள் அதைப் பட்டியலாகப் படிக்கிறார்கள். அபாயக் காரணிகள் ஒரு பட்டியல்; மாரடைப்புக்குப் பின் எந்த நாளில் எந்த வெள்ளணு வரும் என்பது மற்றொரு பட்டியல். பட்டியல் தேர்வு மண்டபம் வரை உடன் வரும். அதற்கு அப்பால் வராது.

இதய நோயைக் காரணகாரியத் தொடராகப் படிக்க வேண்டும். அத்தொடரைத் தன் வீட்டாருக்குத் தமிழில் விளக்கத் தெரிந்த மாணவனே பாடத்தைப் படித்து முடித்தவன் என்பது என் கருத்து. இது தேர்வுக்கும் நல்லது. அதைவிட, நம் மக்களின் உயிருக்கு நல்லது.

உயிருக்கு என்று சொல்வது மிகையன்று. 2020ஆம் ஆண்டு மலேசியாவில் மருத்துவச் சான்று பெற்ற இறப்புகளில் 17.0 விழுக்காடு இதயத் தமனி நோயால் நேர்ந்தவை. இறப்புக் காரணங்களுள் அதுவே முதலிடம் பெற்றது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகக் கூறியது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர்!

சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி மரம் சீவி, பால் வாளியைத் தோளில் சுமந்தவர்கள் நம் முன்னோர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்து, காவலர்களாகவும் லோரி ஓட்டுநர்களாகவும் வேலை தேடிக்கொண்டனர். உழைப்பு குறைந்தது, தட்டில் சோறு குறையவில்லை. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் சேர்ந்துகொண்டது. புந்தோங் கச்சாங் பூத்தே நம் பெருமைதான். ஆயினும் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இத்தகைய குடும்பத்தில் ஒருவருக்கு நெஞ்சில் அழுத்தம் ஏற்பட்டால் முதலில் வரும் சொல் எது? “காற்றுப் பிடிப்பு.” ஓமத்தண்ணீர் வரும், தைலம் வரும். சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். குருதி முற்றும் தடைப்பட்டால் இதயத் தசையில் மீட்க முடியாத சிதைவு 20 முதல் 40 நிமிடங்களுக்குள் தொடங்கிவிடும் என்று அதே வீட்டுப் பிள்ளை பாடத்தில் படித்திருக்கும். இனிப்புநீர் உள்ளோருக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். வியர்வை, மூச்சுத்திணறல், சோர்வு மட்டுமே அறிகுறியாகலாம் என்பதையும் படித்திருக்கும். விடைத்தாளில் எழுதிய அறிவு அடுப்படிக்கு வராமற்போனால் அதனால் யாருக்குப் பயன்?

தமிழில் விளக்குவது எங்ஙனம் என்று கேட்கலாம். நம் பெரியவர்கள் அறிந்த பொருளிலிருந்தே தொடங்கலாம். பால்மரத்தைச் சீவியவுடன் பால் வடியும். சில மணி நேரத்தில் வெட்டுக் கோட்டில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். காயத்தை அடைத்து மரத்தைக் காக்கும் ஏற்பாடு அது. நம் குருதியும் அப்படித்தான். காயம் கண்டால் உறையும்.

இனி இதயத்துக்குக் குருதி கொண்டு செல்லும் தமனியைப் பார்ப்போம். இரத்தக் கொதிப்பு, புகை, சர்க்கரை மூன்றும் அதன் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. புண்பட்ட சுவருக்குள் கெட்ட கொழுப்பு நுழைகிறது. அதைத் தின்ன வரும் வெள்ளணுக்கள் கொழுப்பால் உப்பி அங்கேயே தங்கிவிடுகின்றன. அவற்றின்மேல் நார்த்திசு மூடிபோல் வளர்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நடக்கும், வலி இராது. ஒரு நாள் அந்த மூடி கிழிகிறது. குருதி அதைக் காயம் என்று கருதி உறைகிறது. மரத்துக்கு வெளியே உறைந்த பால் மரத்தைக் காத்தது. தமனிக்குள் உறைந்த குருதி வழியை அடைத்துவிடுகிறது. அதுவே மாரடைப்பு. மரம் சீவிய பாட்டிக்கு இது விளங்காதா? விளக்கிய பேரனுக்குத்தான் மறக்குமா?

அதற்குப் பின் வரும் நாள் கணக்கும் அப்படியே. இடிந்த வீட்டை நினையுங்கள். முதல் ஓரிரு நாள்களில் நியூட்ரோஃபில் அணுக்கள் வந்து சேர்கின்றன. ஏறத்தாழ மூன்றாம் நாளிலிருந்து மேக்ரோஃபேஜ் அணுக்கள் இடிபாட்டை அள்ளுகின்றன. பழைய சுவரை அகற்றியாயிற்று, புதுச்சுவர் எழவில்லை. ஆகவே அந்நாள்களில்தான் இதயச் சுவர் கிழியும் ஆபத்து மிகுதி. இரண்டு மாத அளவில் தழும்பு உறுதிப்படும். தழும்பு துடிக்காது; எஞ்சிய தசையே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். இயலாதபோது குருதி நுரையீரலில் தேங்கும். மூன்று தலையணை வைத்தால்தான் தாத்தாவுக்கு உறக்கம் வருகிறது என்றால், இதயம் தளர்ந்திருக்கலாம் என்று பேரன் அறிந்துகொள்வான். எண்களை மனனம் செய்யாமலே வரிசை மனத்தில் நிற்கிறது அல்லவா?

“தேர்வு ஆங்கிலத்தில் அல்லவா? தமிழில் சிந்தித்தால் குழப்பம் வராதா?” எனச் சில பெற்றோர் வினவுவர். தேர்வு மொழியின் கலைச்சொற்களை மாணவர் செம்மையாகக் கற்றே ஆகவேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் கலைச்சொல்லை ஒப்பிக்க அறிவது வேறு, பொருளை உணர்வது வேறு. கலைச்சொல் இன்றித் தாய்மொழியில் விளக்கிப் பார்த்தால், விளங்காத இடம் உடனே தெரிந்துவிடும்.

இது புதிய சிந்தனையும் அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம், வேதியியல் நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அவரிடம் பயின்ற மருத்துவர்கள் 60க்கும் மேற்பட்டோர். நோயாளி பேசும் மொழியிலேயே மருத்துவனும் சிந்திக்க வேண்டும் என்ற தெளிவு அன்றே இருந்தது.

ஆகவே நான் முன்வைக்கும் கருத்துகள் இவை:

1. தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் உடலைப் பற்றிய பாடங்களை நடத்தும்போது ‘ஏன்’, ‘அதனால் என்ன’ என்ற வினாக்களைப் பழக்கப்படுத்துங்கள். அடித்தளம் அங்கேதான் அமைகிறது.

2. இடைநிலைப்பள்ளியில் உயிரியல் பயிலும் பிள்ளைகள் நான்காம் படிவத்திலேயே இதயத்தையும் அதன் நோய்களையும் சந்திக்கிறார்கள். பாடம் முடிந்த வாரத்தில் அதை வீட்டில் ஒருவருக்கு விளக்கச் சொல்லுங்கள். கேட்பவர் தடுத்து வினவினால் இன்னும் நன்று.

3. பெற்றோர்களே, பிள்ளை பேசும்போது தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அவர் மருந்து கொடுக்க வேண்டாம். அது மருத்துவர் பணி. நெஞ்சு அழுத்தத்தோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் கண்டால் 999 எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருந்தால் போதும்.

4. கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஆலய மண்டபத்திலோ பொது மண்டபத்திலோ அரை மணி நேரம் தமிழில் பேசட்டும். தேர்வுக்கு அதைவிடச் சிறந்த மீள்பார்வை இல்லை.

நம் பிள்ளை சிறப்புத் தேர்ச்சி பெற்றால் மகிழ்வோம், மாலை அணிவிப்போம். அந்தத் தேர்ச்சியால், ‘காற்றுப் பிடிப்பு’ என்று படுத்திருந்த ஒருவர் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ந்தார் என்றால் அம்மகிழ்ச்சி நிறைவு பெறும். இன்றிரவு உணவு வேளையில் உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: “மாரடைப்பு எப்படி வருகிறது? எனக்குப் புரியும்படி சொல், பார்ப்போம்.”