சர்வருக்கு என்ன தெரியும்னு சர்வரே சொல்லட்டும்

போடியில் யாராவது "ஏலம் எப்படிப் போகுது?"னு கேட்டால் ரெண்டு அர்த்தம் உண்டு. மேலே மலைத் தோட்டத்தில் காய்ப்பு எப்படி என்று கேட்கலாம். கீழே ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் விலை எப்படி என்றும் கேட்கலாம். நம்ம ஊர்க்காரர் கேட்கிற ஆளைப் பார்த்தே எது என்று புரிஞ்சுக்குவார். சர்வருக்கு அந்த வசதி கிடையாது. எந்த ஏலம் என்பதை நாமதான் சொல்லணும். எப்படிச் சொல்வது என்பதை அது முதலில் நமக்குச் சொல்லணும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஏலக்காயில் இல்லை, மனித ஜீன்களில். எங்கள் டீம் ஒரு மினி ப்ராஜெக்ட்டுக்கு ஹெச்ஜிஎன்சி சர்வரைப் பயன்படுத்தினோம். மனித ஜீன்களுக்கு அதிகாரப்பூர்வப் பெயர் வைக்கும் உலகக் குழு அது. 40,000-க்கும் மேற்பட்ட பெயர்களை அங்கீகரித்திருக்கிறார்கள். அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

நாங்கள் கேட்டது பி53. புற்றுநோய் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் வருகிற பெயர். பதில்: கிடைத்தவை 0. கோடில் பிழை இல்லை, நெட் போகலை, சர்வரும் படுக்கலை. ஒரு மாலை முழுக்கத் தேடினோம். கடைசியில் பார்த்தால், அந்த ஜீனின் அதிகாரப்பூர்வப் பெயர் டிபி53. பி53 என்பது அதன் மாற்றுப் பெயர். நாங்கள் 'சிம்பல்' என்ற புலத்தில் கேட்டிருந்தோம். 'அலியாஸ் சிம்பல்' என்ற புலத்தில் கேட்டிருந்தால் உடனே வந்திருக்கும்.

வேடிக்கை என்னன்னா, இதைத் தவிர்க்கும் வழி அதே சர்வரில் இருந்தது. அதில் மூன்று கதவுகள். 'ஃபெட்ச்' முழுப் பதிவைத் தரும். 'சர்ச்' தேடி, ஜீனின் எண்ணையும் பெயரையும் மட்டும் தரும். மூன்றாவது 'இன்ஃபோ'. அது எந்த ஜீனைப் பற்றியும் பேசாது, தன்னைப் பற்றித்தான் பேசும். என்னிடம் இத்தனை பதிவுகள் இருக்கு, கடைசியாக இந்தத் தேதியில் மாற்றினேன், இந்தப் புலங்களில் தேடலாம், இந்தப் புலங்கள் பதிலில் வரும் என்று சொல்லும். தேடக்கூடியவை ஒரு பட்டியல், பதிலில் வருபவை இன்னொரு பட்டியல். ரெண்டும் ஒன்றல்ல. முதல் நாளே இதைத் தட்டியிருந்தால் 'அலியாஸ் சிம்பல்' என்று ஒரு புலம் இருப்பதே கண்ணில் பட்டிருக்கும்.

என் கருத்து இதுதான்: ஒரு சர்வருக்கு ஆவணம் எழுதும்போது முதலில் எழுத வேண்டியது இந்த மூன்றாவது கதவைப் பற்றித்தான். நாம் கடைசியில்கூட எழுதுவதில்லை.

"அதான் பட்டியலை சர்வரே தருதே, அப்புறம் எதுக்கு டாக்குமென்டேஷன்?" என்று என் டீம் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் பட்டியல் பெயர்களை மட்டும்தான் தரும், அர்த்தத்தைத் தராது. 'ப்ரீவ் சிம்பல்' என்று ஒரு புலம் இருக்கு. அது எதுக்கு? செப்ட்1, மார்ச்1 என்று ஜீன்கள் இருந்தன. எக்செல்லில் போட்டால் செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதியாக மாறிவிடும். எக்செல்லில் ஜீன் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருப்பதாக 2016-ல் ஜீனோம் பயாலஜி இதழில் ஒரு ஆய்வு வந்தது. பிறகு அவற்றின் பெயரையே செப்டின்1, மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே பழைய கட்டுரையில் இருக்கும் ஜீனைத் தேட 'ப்ரீவ் சிம்பல்' வேண்டும். இதை மனுஷன் எழுதினால்தான் அடுத்தவனுக்குப் புரியும்.

இன்னொரு விஷயம், சர்வரால் என்ன முடியாது என்பது. ஹெச்ஜிஎன்சி மனித ஜீன்களுக்கு மட்டும்தான். நம்ம மலை ஏலக்காயின் ஜீனைக் கேட்டாலும் 0-தான் வரும். பி53-க்கு வந்த 0-வும் இந்த 0-வும் திரையில் ஒரே மாதிரி இருக்கும். முதலாவது 'வேற புலத்தில் கேள்', இரண்டாவது 'என்னிடம் கேட்காதே'. வித்தியாசத்தை ஆவணம் சொல்லாவிட்டால் வேறு எதுவும் சொல்லாது.

இப்போ இது இன்னும் அவசரமாகியிருக்கு. 2024 நவம்பரில் ஆன்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி முறையில், ஏஐ உதவியாளர் முதலில் சர்வரிடம் "உன்னிடம் என்னென்ன கருவிகள் இருக்கு?" என்று கேட்கும். ஒவ்வொரு கருவிக்கும் நாம் எழுதிய விளக்கத்தைப் படித்துத்தான் எதைக் கூப்பிடுவது என்று முடிவு செய்யும். நாங்கள் 0-வைப் பார்த்து முழித்தோம், சந்தேகப்பட்டோம். ஏஐ முழிக்கும் என்று நம்ப முடியாது. "அப்படி ஒரு ஜீனே இல்லை" என்று தெளிவான வாக்கியத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். படிப்பவர் ஒரு நோயாளிக்கான அறிக்கை தயாரிப்பவராக இருந்தால்?

ரிவ்யூவில் டெமோ ஓடினால் போதும், டாக்குமென்டேஷன் பைண்டிங்குக்கு முந்தின ராத்திரி வேலை என்பதுதான் நம்ம பழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் சர்வர் எழுதுகிற ஒவ்வொரு டீமும் ஒரே ஒரு பக்கம் கூடுதலாக எழுதலாம். எதைக் கேட்கலாம், எந்தப் புலத்தில் கேட்கலாம், காலி பதில் வந்தால் என்னென்ன காரணம் இருக்கலாம், எதைக் கேட்கவே கூடாது. கூடவே பி53 மாதிரி ஒரு தவறான கேள்வியையும் அதன் சரியான வடிவத்தையும் போடுங்க. தமிழில் எழுதினாலும் நல்லதுதான். அடுத்த வருஷம் உங்க ப்ராஜெக்ட்டை எடுத்துச் செய்யப் போற ஜூனியர், நாங்கள் இழந்த அந்த ஒரு மாலையை இழக்க வேண்டியிருக்காது.