விழுந்தவனுக்கு யார் அழுவது?

வாலிபர் முகாமில் கைத்தொலைபேசிகளை வாங்கி வைத்துவிட்டுத்தான் முதல் பாடலைத் தொடங்குகிறோம். முகாம் முடிந்து திருப்பிக் கொடுத்ததும், பொடியன்கள் பஸ் ஏறுமுன்பே ஃப்ரீ ஃபயரைத் திறந்துவிடுகிறார்கள். ‘பிசாசின் விளையாட்டு’ என்று எத்தனையோ கூட்டங்களில் சொல்லிப் பார்த்தாயிற்று. இந்தியா 2020இல் பப்ஜியையும் 2022இல் ஃப்ரீ ஃபயரையும் தடை செய்தது. வேறு பெயர்களில் ஆட்டம் தொடர்ந்தது. அரசாங்கத்துக்கே பலிக்காத தடை ஞாயிறு பாடசாலைக்குப் பலிக்குமா?

எங்கள் தடையில் நேர்மைக் குறைவும் உண்டு. யாகேல் சிசெராவின் நெற்றிப்பொட்டில் கூடார ஆணியை அடித்து இறக்கியதையும், தாவீது கோலியாத்தின் தலையை வெட்டியதையும் படம் போட்டுச் சொல்லிக் கொடுப்பவர்கள் நாங்கள். அதே வாயால் வன்முறைக் கதை பாவம் என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு கதையில் எவ்வளவு இரத்தம் என்று அளப்பதால் பயனில்லை. செத்தவனை அந்தக் கதை என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும்.

ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள். பத்து நிமிடமளவில் ஒருவனோ ஓர் அணியோ மிஞ்ச வேண்டும். சுடப்பட்டவனின் உடல் கிடப்பதில்லை. அந்த இடத்தில் ஒரு பெட்டி தோன்றும். வென்றவன் அதைத் திறந்து துப்பாக்கியையும் தோட்டாவையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு ஓடுவான். விழுந்தவனுக்கு ஊரில்லை, தாயில்லை.

வேதத்திலோ, 2 சாமுவேல் 21இல் சவுலின் வம்சத்தார் ஏழு பேர் மலையில் தூக்கிலிடப்படுகிறார்கள். அவர்களில் இருவர் ரிஸ்பாளின் மக்கள். அவள் கன்மலையில் இரட்டுத் துணியை விரித்து, அறுப்புத் தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அந்த உடல்களை அண்டவிடாமல் காத்தாள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் தாவீது எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்வித்தான். வேதம் கொலையை மறைக்கவில்லை. கொலையைக் கடந்து ஓடவும் விடவில்லை. காணாமல் போன பிள்ளையின் படத்தை ஏந்தி நிற்கும் தாய்மாரைக் கண்ட மட்டக்களப்பின் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை. எங்கள் வடமோடிக் கூத்திலும் போர் உண்டு. மாண்டவனுக்காகப் புலம்பும் பாட்டும் உண்டு.

வாவிக்கரையில் வன்முறை வெறும் கற்பனையாக இருந்ததில்லை. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களும் சத்துருக்கொண்டானும், 1991இல் மகிழடித்தீவும் கண்ட கொலைகளைப் பெற்றோர் மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுத்தாக்குதலில் பலியானவர்களில் பலர் சிறுவர்கள். ஞாயிறு வகுப்பை முடித்துவிட்டு முற்றத்தில் நின்றவர்கள்.

இதையெல்லாம் பேசாமல் விடுவதே நல்லது என்பார் பலர். 1996இல், யுத்தத்தின் நடுவே, இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வேறு வழியைக் காட்டியது. தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து, களிமண்ணும் வர்ணமும் கதையும் நாடகமும் கொடுத்து, உள்ளே கிடந்ததை வெளியே கொண்டுவர இடம் விட்டார்கள். கதையைத் தானே செய்யும் பிள்ளை அதன் முடிவையும் தானே தீர்மானிக்கிறது. கைத்தொலைபேசி ஆட்டத்தின் முடிவைக் கம்பனி எழுதி வைத்திருக்கிறது.

ஆசிரியர்களே, ஒரு நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். பிறகு, சுடப்பட்ட ஒருவனுக்குப் பேரும் ஊரும் வீடும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவன் வராத இரவில் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். இது பெரிய வகுப்புக்குரிய பாடம், சின்னவர்களுக்கு வேண்டாம். வீட்டில் இழப்பைக் கண்ட பிள்ளையைச் சபை நடுவே பேச வைக்காதீர்கள். தூக்கம் கெட்டு, பயந்து ஒடுங்கும் பிள்ளையை உளவளத்துணையாளரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஜெபம் அதற்குத் தடையில்லை.

தாவீதின் கவண் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. ரிஸ்பாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த தவணைப் பாடங்களை வகுக்கும்போது அவளுக்கும் ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள்.