'நெய்' என்ற ஒரு வேர்: தறிச்சொல் காட்டும் மொழி உறவு

பள்ளிபாளையத்தில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அங்கே 'நெசவு' என்பது மலையாளத்தில் 'நெய்த்து', கன்னடத்தில் 'நேய்கெ', தெலுங்கில் 'நேத'. நாலுக்கும் வேர் ஒன்றுதான்: 'நெய்'.

இங்கிலீஷ் 'வீவ்', ஜெர்மன் 'வேபன்', சிலந்தியைக் குறிக்கும் சமஸ்கிருத 'ஊர்ணவாபி' மூன்றும் வேறு குடும்பம். அவற்றின் வேர் இந்தோ-ஐரோப்பியம்.

ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது. மாற்றத்தில் ஒழுங்கு இருக்கணும். தமிழ் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு'; 'புலி', 'ஹுலி'. இப்படி ஒப்பிட்டுத்தான் பர்ரோவும் எமனோவும் 1961-இல் திராவிட வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார்கள்.

அகராதிக்குக் கச்சாப்பொருள் மக்கள் பேச்சு. 'பாவு', 'ஊடை' என்று தறிக்காரர் வாயில் புழங்கும் சொற்களை இப்போதே பதிவு செய்யணும். பழைய தறியை எடைக்குப் போட்டால் காசாவது கிடைக்கும். சொல் போனால் போனதுதான்.