பாட்டி சேலையில் ஒரு ஜப்லா

பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், வாங்காதீர்கள், தையுங்கள் என்றுதான் சொல்வேன். பீரோவில் மடித்துக் கிடக்கும் பாட்டியின் சுங்குடிச் சேலையை எடுங்கள். வருஷக்கணக்கில் துவைத்து வெளுத்த பருத்தியின் மென்மை எந்தப் புதுத் துணிக்கும் வராது. ஒரு சேலையில் ஏழெட்டு ஜப்லாவாவது தேறும். பட்டன் வேண்டாம், கரையைக் கிழித்து நாடா தைத்து முதுகில் முடிந்தால் போதும். தையல் மடிப்பு வெளிப்பக்கமாகவே இருக்கட்டும், உள்ளே இருந்தால் பச்சை உடம்பை உறுத்தும். என் மகளுக்கு அம்மா தைத்த ஜப்லாவில் கழுத்து சற்றே கோணல். கடையில் வாங்கிய உடுப்பெல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. அதை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.