ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம்

இரண்டு மாதம் முன்பு என் நாத்தனார் ஊரிலிருந்து வந்திருந்தாள். வயது 46. சர்க்கரை வந்து மூன்று வருஷமாகிறது. உடம்பும் 70 கிலோவைத் தொட்டுவிட்டது.

"டாக்டர் தினம் அரை மணி நடக்கணும்கிறார், அண்ணி. காலையிலே எழுந்தா பால், காபி, டிபன், மூணு பேருக்கு டப்பா. எப்போ நடக்கறது? நாள் பூரா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கறேனே, அது போதாதா?" என்று கண்கலங்கினாள்.

போதாது! அடுப்படியில் நாலு அடி நடக்கிறோம், நிற்கிறோம். கால் வலிக்கிறதே தவிர, மூச்சு வேகம் எடுப்பதில்லை. மருந்தாகும் நடை வேறு. கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் கணக்கு.

அப்படி நடக்கையில் தொடைச் சதையும் கெண்டைக்கால் சதையும் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன. வேலை செய்கிற சதை, இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே சர்க்கரையை வாங்கிக் கொள்ளும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் சொல் எடுபடுவதில்லை அல்லவா? அதனால்தான் நடைக்கு இத்தனை மதிப்பு. இந்தப் பலன் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஆகவே சேர்ந்தாற்போல் இரண்டு நாள் நடை நின்றுவிடக் கூடாது.

சரி, நேரத்துக்கு எங்கே போவது? வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது கணக்கு. ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நியூஸிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தார், இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 41 பேரை வைத்துச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். எப்போதாவது அரை மணி நடந்ததைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிஷம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை சராசரியாக 12 சதவிகிதம் குறைவாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகோ 22 சதவிகிதம்! நாமும் ராத்திரியில்தானே வயிறார உண்டுவிட்டு டி.வி. முன் சாய்கிறோம்? மொட்டை மாடியோ, வாசல் தெருவோ, எது சௌகரியமோ அங்கே நடக்கலாம்.

உடம்பு இளைக்குமா என்று கேட்பீர்கள். நடை மட்டும் இளைக்க வைக்காது. அரை மணி நடந்து கரைப்பது ஏறக்குறைய ஒரு மெதுவடையோடு சரி. நடந்துவிட்டு வரும் வழியில் வடையும் காபியும் என்றால், போட்ட கணக்கு அழிந்தது! தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள். 70 கிலோ உள்ளவர் மூன்றரை கிலோ குறைந்தாலே சர்க்கரையில் வித்தியாசம் தெரியும்.

இனி எச்சரிக்கை. எங்கள் மாமியாருக்கும் சர்க்கரை. ஒரு சித்திரை மாதம், வெறுங்காலோடு கோயில் பிராகாரம் சுற்றி வந்தார். கல் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. கொப்புளம் புண்ணாகி, கடைசியில் ஒரு விரலை எடுக்கும்படி ஆயிற்று. ஆகவே,

* வெறுங்காலோடு நடக்காதீர்கள். பின்பட்டை உள்ள, விரலை நெரிக்காத செருப்போ ஷூவோ வேண்டும். போடுமுன் உள்ளே கல் கிடக்கிறதா என்று உதறிப் பாருங்கள்.

* தினம் படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். சின்னப் புண்ணானாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

* இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் கையில் குளுக்கோஸ் வைத்துக் கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சாப்பிடுங்கள். கால் மணியில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. மறுபடி மறுபடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* நெஞ்சு வலி, கண் கோளாறு, காலில் மரமரப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்தோடு போய்விட்டதா? நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பின்னால் நிலையாக வர வாய்ப்பு அதிகம். பிரசவமான 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு பரிசோதனை, பிறகு அவ்வப்போது ஒன்று, கூடவே நடை. இதை விடாதீர்கள்.

நாத்தனாரிடம் இத்தனையும் சொன்னேன். "அதெல்லாம் சரி அண்ணி, எல்லாரும் சாப்பிட்டப்புறம் பாத்திரம் யார் தேய்ப்பா?" என்றாள். அங்கேதான் இருக்கிறது சங்கதி! மாத்திரை வாங்கப் பணம் கேட்கக் கூசாத நாம், நடக்கப் பத்து நிமிஷம் கேட்கக் கூசுகிறோம். இதுவும் மருந்துதானே? வாய்விட்டுக் கேள் என்றேன்.

போன வாரம் போன் பண்ணினாள். இரண்டு கிலோ குறைந்திருக்கிறதாம். "ராத்திரி பாத்திரம் இப்போ அவர்தான் தேய்க்கறார், அண்ணி. கொஞ்சம் பிசுக்கு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்!"